நாலாவது புழு

களுவாஞ்சிக்குடியில் கல்யாணம் கட்டினால் பெண் வீட்டோடுதான் போய் இருக்கவேண்டும். கிரிசாந்துக்கு அந்த வீட்டோடு மாமனாரின் மீன்தொட்டியும் வாய்த்தது. கடல்நீர்த் தொட்டி, அதற்குள் ஒற்றைக் கோமாளி மீன். மாமனார் வினாயகமூர்த்தி அதைக் கூப்பிடுகிற செல்லப் பெயர்களில் பாதியைக்கூடத் தன் மகள் சர்மிலாவுக்கு வைத்ததில்லை.

மனுஷன் மூன்று நாள் மண்டூரிலுள்ள தங்கச்சி வீட்டுக்குப் போனார். கல்யாணமாகி நாலு மாதத்தில் மருமகனை நம்பி விட்ட முதல் வேலை, அந்த மீன். அதுவோ உருண்டைத் தீனியைத் துப்பியது. மூன்றாம் நாள் காலை கிரிசாந்த் பின்வேலிக்கு அப்பால் உள்ள நெல்வட்டைக்குப் போய், வரப்பைக் கிண்டி, நூல்போல நாலு மண்புழு எடுத்து வந்து போட்டான். மீன் பாய்ந்து ஒன்றை விழுங்கியது. வளர்ந்த ஆம்பிளை, கை தட்டினான்.

அது பக்கத்து வீட்டுச் சீதேவிக்குக் கேட்காமல் இருக்குமா? வேலிக்கு மேலால் தலை வந்தது.

“என்ன மருமகன், மீன் சாப்பிட்டிட்டோ? புழு எங்க எடுத்த?”

“வட்டையிலதான் மாமி.”

“ஐயோ! முந்தநாள்தானே அவடத்த பூச்சிமருந்து அடிச்ச!”

ஊர்க்கதை எல்லாம் சொல்லுகிறவள் இதைமட்டும் சொல்ல மறந்துபோனாள்.

உள்ளே ஓடினான். மிச்ச மூன்றும் உப்புத்தண்ணீரில் துடித்து, வெளுத்து, அடியில் கிடந்தன. தேத்தண்ணி வடியால் அள்ளினான். மீன் மூலையில் நின்று மூச்சு வாங்கியது. நாலாவது அதன் வயிற்றில்.

தொட்டிக்குக் கடல்நீர் கொண்டுவந்து கொடுக்கும் குஞ்சித்தம்பிக்குப் போன் போட்டான்.

“மருந்து இல்லாட்டியும் மண்புழு உப்பில செத்துத் தண்ணியக் கெடுக்கும் தம்பி. கடல் சேத்துப் புழு எண்டாலும் நல்ல இடத்தில எடுத்திருக்கோணும். தண்ணிய மாத்துங்க. களப்புத் தண்ணி வேணாம், மழைக்கு அதில உப்பே இல்ல. கடலுக்கு ஓடுங்க!”

இரண்டு பிளாஸ்டிக் கானைக் கட்டிக்கொண்டு மோட்டார்சைக்கிளில் ஓடினான். பாதித் தண்ணீர் மாற்றி முடிக்க, மாமனார் படலையடிக்கு வந்துவிட்டார். சந்தியிலிருந்தே கூட்டி வந்தவள் சீதேவி.

“மருமகனில குறையில்ல அண்ணன். மூண்டு புழுதான், மூண்டையும் அள்ளிட்டார். மீன் வாயே வைக்கல்ல” என்றாள், கூட நின்று எண்ணியவள்போல.

மாமனாரின் முகம் தெளிந்தது. “அப்ப பரவால்ல.”

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கிரிசாந்த் தொட்டிக் கண்ணாடியைப் பார்த்தான். மீனின் செவுள் படபடவென்று அடித்தது.

“நாலு, மாமா. ஒண்ட விழுங்கிட்டான்.”

மாமனார் தொட்டிக்குக் கிட்ட வந்து குனிந்தார்.

“எப்ப?”

“எட்டரைக்கு.”

“எனக்கேன் போன் எடுக்கல்ல?”

“பயத்தில.”

“மீனுக்கா, எனக்கா?”

“உங்களுக்குத்தான்.”

மாமனார் பையை இறக்கினார். “கானை எடுங்க. மிச்சத் தண்ணியையும் மாத்துவம், நான் மோட்டார்சைக்கிள்ள பின்னுக்கு ஏறுறன்.” பிறகு தொட்டியைக் காட்டி, “சீதேவி, நீ இவனப் பாத்துக்கொண்டிரு. கண் எடுக்காம பாக்கிறதுக்கு உன்ன விட்டா ஆரு இரிக்கா?”

இரண்டு கானையும் கடலில் நிரப்பிக்கொண்டு திரும்பினார்கள். கிரிசாந்த் மோட்டார்சைக்கிளை வீட்டு ஒழுங்கைக்குள் திருப்பினான். நிறுத்த முன்னமே உள்ளேயிருந்து சீதேவியின் குரல் தெரு முழுக்கக் கேட்டது:

“உசிரோட இரிக்கான் அண்ணன்! புழுவக் கக்கிட்டான்! இரிக்கான்!”