மூன்றில் ஒன்றை நான் சொல்லவில்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. சித்தப்பாவின் எக்ஸ்ரே படத்தை வாங்க மும்பை மாநகராட்சி ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போயிருந்தேன். (பெயர் வேண்டாம். நடந்ததற்கு ஆஸ்பத்திரி பொறுப்பில்லை.) சோனோகிராபி ஸ்கேன் அறையிலிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, "இங்கே யாருக்காவது மதராஸி தெரியுமா?" என்று இந்தியில் கேட்டாள். தமிழ் பேசும் நர்ஸ் அன்று லீவாம். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள் நான். 'மதராஸி' என்று கேட்டாலே எரிச்சல் வரும். அந்த எரிச்சலோடுதான் கையைத் தூக்கினேன்.

2

எழுதி அடித்த முதல் வரிகள்:

"நூர் நிஷாவின் வயிற்றில் ஒன்பது வாரமாக ஒரு..."

"மழை விடவில்லை. தாராவியிலிருந்து நனைந்துகொண்டே வந்த அந்தப் பெண்..."

இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டிலும் நான் இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வந்தன.

நேராகவே சொல்கிறேன். நூர் நிஷாவுக்கு இருபத்திரண்டு வயது. கடையநல்லூரிலிருந்து கல்யாணமாகி தாராவிக்கு வந்து நாலு மாதம். இந்தி இன்னும் பிடிபடவில்லை. கணவன் தப்ரேஸுக்குத் தோல்பை பட்டறையில் வேலை. காலையில் அவளை வரிசையில் உட்கார வைத்துவிட்டு காட்கோபருக்குச் சரக்கோடு போயிருந்தான். இரண்டு நாளாகத் துளித்துளியாக உதிரம். அதைக் காட்டத்தான் வந்திருந்தாள்.

"யக்கா, இவிய மூஞ்சியப் பாத்தா பயமா இருக்கு. என்ன சொல்லுதாவ?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

3

முதல் பிரதியில் ஸ்கேன் செய்த டாக்டரைக் கெட்டவளாக எழுதியிருந்தேன். போனைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவள், நெயில் பாலிஷ் போட்டவள். அது எனக்கு வசதியாக இருந்தது. உண்மையில் அந்த டாக்டர் இன்னொரு டாக்டரை வரவழைத்து மறுபடியும் பார்க்கச் சொன்னாள். வெளியே அத்தனை பேர் காத்திருந்தும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நான் சொல்வதை அப்படியே சொல்லுங்கள்" என்றாள் என்னிடம்.

கருவில் துடிப்பு இல்லை என்றாள். மூன்று வாரத்துக்கு முன்பே வளர்ச்சி நின்றுவிட்டது என்றாள்.

நான் சொன்னது: "துடிப்பு தெரியலையாம்மா."

'இல்லை' வேறு, 'தெரியலை' வேறு. நூர் நிஷா அந்தத் 'தெரியலை'யைப் பிடித்துக்கொண்டாள்.

"மெசின் சரியில்லையோ? இன்னொருக்க பாக்கச் சொல்லுங்கக்கா."

"ரெண்டு பேர் பாத்தாச்சும்மா." பிறகு சொல்லவேண்டியதாயிற்று. "இல்லை. போயிடுத்து."

அவள் அழவில்லை. வயிற்றில் தடவியிருந்த ஜெல்லைத் துப்பட்டாவால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

4

டாக்டர் மூன்று வழி சொன்னாள். தானாக வெளியேறும்வரை இரண்டு வாரம் வீட்டில் காத்திருக்கலாம், ரத்தப்போக்கு அதிகமானால் உடனே வரவேண்டும். மாத்திரை தரலாம். அல்லது உறிஞ்சி எடுத்துவிடலாம், பத்து நிமிட வேலை. எது என்று அவளே தீர்மானிக்கட்டும் என்றாள்.

நான் மாத்திரையையும் உறிஞ்சுவதையும் மட்டும் சொன்னேன்.

(அடிக்குறிப்பாகப் போகவேண்டியது, இங்கேயே இருக்கட்டும்: எட்டு வருடத்துக்கு முன் செம்பூரில் ஒரு நர்ஸிங் ஹோமில் இதே மூன்று வழிகளை எனக்கும் சொன்னார்கள். நான் காத்திருந்தேன். பதினோரு நாள். ஆபீஸ் போனேன், வந்தேன். ஒருநாள் லோக்கல் ரயிலில் யாரோ என் முகத்தைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தபோது... இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.)

அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

5

"சீக்கிரம் முடியுததயே செய்யச் சொல்லுங்க" என்றாள் நூர் நிஷா. எங்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பக்கத்து வார்டில் பிறந்த குழந்தைகள் மாறிமாறி அழுதுகொண்டிருந்தன. தப்ரேஸின் போன் ஸ்விட்ச் ஆஃப். டாக்டர் தந்த தாளை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"யக்கா, அபார்ஷன்னு போட்டுருக்கு. நா ஒண்ணும் கலைக்கல! அவிய வீட்டுல இதப் பாத்தா என்ன நெனப்பாவ?"

"அது டாக்டர் பாஷைம்மா. தானாப் போனாலும் அப்படித்தான் எழுதுவா."

"நெசமாவா?"

"நெஜம்."

"நீங்க சொன்னா சரிதான். இங்க நீங்க சொல்லுததுதான எனக்குத் தெரியும்."

ஆயா (அங்கே எல்லோருக்கும் அவள் 'மௌசி', அதாவது சித்தி) பச்சை அங்கியோடு வந்து பெயரைக் கூப்பிட்டாள். கையெழுத்துப் போட இன்னொரு தாள். நூர் நிஷா பேனாவை வாங்கிக்கொண்டாள்.

6

முடிவு ஒன்று: நான் பேசாமல் இருக்கிறேன். எல்லாம் நல்லபடி முடிகிறது. யாருக்கும் எதுவும் தெரியாது.

முடிவு இரண்டு: சில மாதம் கழித்து தாராவி லேபர் கேம்ப் பகுதிப் பெண் ஒருத்தி, "எனக்கு வீட்டுல காத்திருக்கலாம்னு சொன்னாங்களே" என்று அவளிடம் சொல்கிறாள். நூர் நிஷா என்னைத் தேடி வருகிறாள். இதை மூன்று பக்கம் எழுதினேன். நல்ல காட்சி. நடக்கவில்லை. கிழித்துவிட்டேன்.

7

நடந்தது இது. அவள் கையிலிருந்த பேனாவைப் பிடித்தேன்.

"இரு. டாக்டர் மூணு சொன்னா. நான் ரெண்டுதான் சொன்னேன். வீட்டுல காத்திருக்கலாம்னும் சொன்னா."

பேனாவைப் பெஞ்சில் வைத்தாள். "ஏன்க்கா மறச்சீய?"

"எனக்கு அப்படி ஆச்சு. தாங்க முடியலை. உனக்கு வேண்டாம்னு..."

"அது ஒங்களுக்குல்லா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தாளை மடித்தாள். "டாக்டரக் கூப்புடுங்க. மொதல்ல இருந்து சொல்லச் சொல்லுங்க. நீங்க ஒண்ணும் சேக்காண்டாம், ஒண்ணும் விடாண்டாம்."

நான் செய்ததை டாக்டரிடம் சொன்னேன். அவள் முகம் இறுகியது. ஆனாலும் மறுபடி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வலிக்குமா என்று நூர் நிஷா கேட்டாள். வலிக்கும், மருந்து தருவோம். அடுத்த கரு தங்குமா? பெரும்பாலும் தங்கும். "இதில் உன் தப்பு எதுவுமில்லை" என்றும் டாக்டர் சொன்னாள். அந்த வரியைத் தமிழில் சொல்லத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். இரண்டாம் முறைதான் சொல்ல முடிந்தது.

நூர் நிஷா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். பிறகு தன் முடிவைத் தமிழில் சொன்னாள். நான் அதை இந்தியில் டாக்டரிடம் சொன்னேன், ஒரு சொல் கூடாமல் குறையாமல்.

என்ன சொன்னாள் என்று கேட்பீர்கள். இப்போது நன்றாக இருக்கிறாள், அது போதும். ஊகிக்க வேண்டுமானால் நீங்கள் ஊகித்துக்கொள்ளுங்கள். அவளுக்குப் பதிலாக நான் ஒருமுறை தேர்ந்தெடுத்தாயிற்று. இன்னொரு முறை, காகிதத்தில்கூட, மாட்டேன்.