வைக்கோல் நிறம்

மரச்செதுக்கல் வாத்தியார் கத்தியை மேஜைமேல் வைக்கவில்லை. கைக்குட்டையில் சுற்றியபடியே அக்காவின் கையில் கொடுத்தார்.

"நீங்களே பிரிச்சுப் பாருங்கம்மா."

அந்தத் தெருவுக்கே அவள் அக்காதான். அறுபத்துமூன்று வயது. பட்டறையில் அலகு அடிப்பதும், அது முறியாமலிருக்கச் சூட்டில் பதம் வைப்பதும் அவள். பிடி போட்டு, சாணை பிடித்து, தோல் உறை தைப்பது அவளுக்கு ஐந்து வயது இளைய தம்பி. உள்ளங்கை நீளத்துக்கு மேல் ஒரு கத்தியும் அங்கே செய்வதில்லை. மரக்கரண்டி செதுக்க, சுள்ளி சீவ, கயிறு அறுக்க, இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க என்று சின்னக் கத்திகள். அலகின் அடியில் மூன்று புள்ளி முத்திரை, அப்பா வைத்தது. அந்த முத்திரை போட்ட கத்தி ஒன்றுகூட இதுவரை அந்த வாசலுக்குத் திரும்பி வந்ததில்லை. அக்கா தலை நிமிர்ந்து நடந்தது அந்த ஒரு விஷயத்தால்தான்.

கைக்குட்டையைப் பிரித்தாள். நுனி இல்லை. அரை விரல் அளவுக்கு ஒடிந்திருந்தது.

"வகுப்புக்கு வாங்கின பன்னெண்டுல மூணு இப்படி ஆயிடுச்சும்மா. வகுப்புல ஒருத்தர் ரிடையர்டு கண்டக்டர். நுனி தெறிச்சு அவரு கட்டைவிரல் அடியில ஏறிடுச்சு. மூணு தையல். மனுஷன் நல்லவரு, முப்பது வருஷமா டிக்கெட் கிழிச்சப்போ ஆகாத காயம்னு சிரிக்கிறாரு. எனக்குத்தான் சிரிப்பு வரலை."

அக்காவுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. முறிந்த இடத்தை விரலால் தடவினாள். பொடிப்பொடியாக, சர்க்கரையை உடைத்தது போல. பதம் ஏறாத எஃகு அப்படித்தான் முறியும். ஆனால் பதம் வைத்தவள் அவள். நாற்பது வருடம் வைத்த கை.

தம்பி உறையைத் தைத்துக்கொண்டிருந்தவன் ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

"இது இவன் வேலைங்க" என்றாள் அக்கா. "நுனியைச் சாணையில வச்சுக் கருக்கியிருக்கான். அது தெரியக்கூடாதுன்னு சுடச்சுடத் தண்ணியில முக்கியிருக்கான். அப்படிப் பண்ணினா கண்ணாடி மாதிரி ஆயிடும். ஏண்டா, அப்படித்தானே?"

தம்பி அக்காவைப் பார்த்தான். வாத்தியாரைப் பார்த்தான். மறுபடி அக்காவைப் பார்த்தான்.

"நீ சொன்னா சரிக்கா."

"நான் சொன்னா சரியா? செஞ்சவன் வாயில இருந்து வரணும்."

"ஆமா. நான்தான்."

அத்தோடு விட்டிருக்கலாம். அக்கா விடவில்லை. முத்திரைக்கு வந்த இழுக்கை வாய்ப்பேச்சில் துடைக்க முடியாது என்று காகிதம் எடுத்தாள். 'கத்திகள் முறிந்தது என் கவனக்குறைவால். எங்கள் பட்டறையின் பதத்தில் குறையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். தம்பி போட்டான். வாத்தியார் அதை வாங்க மனமில்லாமல் வாங்கி, சட்டைப்பையில் நாலாக மடித்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் தம்பி வரவில்லை. கோபம் ஆறட்டும் என்று அக்கா பார்த்தாள். நாலாம் நாள் தம்பி மனைவி வந்தாள், கையில் ஒரு காலிப் பையோடு.

"அவரோட அரம், ஊசி எல்லாம் எடுத்துட்டுப் போக வந்தேன் அண்ணி."

"ஓகோ. ஐயாவுக்கு ரோஷம் வந்துடுச்சா? தப்புப் பண்ணினவனுக்கு எதுக்கு ரோஷம்?"

தம்பி மனைவி ஒரு வார்த்தைக்கு நாலு வார்த்தை பேசுகிறவள். அன்று அரங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்து முடிக்கிற வரை வாய் திறக்கவில்லை. பிறகு திறந்தாள்.

"ரெண்டு வருஷமா எங்க வீட்டு ஓவன்ல ஒரு கேக் சுட்டதில்லை அண்ணி. உங்க கத்தியைத்தான் சுட்டேன்."

"என்னடி உளர்றே?"

"நீங்க பதம் வச்சுக் குடுக்கிற அலகை அவரு வீட்டுக்கு எடுத்துட்டு வருவாரு. இருநூறு டிகிரி, ஒரு மணி நேரம். அப்புறம் நிறத்தைத் தேய்ச்சு எடுத்துட்டுப் பிடி போடுவாரு. அந்தப் பன்னெண்டு செய்யறப்போ ஓவன் ரிப்பேர். பத்து நாள் ஆகும்னான் மெக்கானிக். இவரு உங்ககிட்ட தவணை கேட்டாரா இல்லையா?"

கேட்டான். ஒரு வாரம் பொறுக்கலாம் அக்கா என்றான். சொன்ன தேதி சொன்ன தேதிதான் என்று அவள்தான் ஒற்றைக் காலில் நின்றாள்.

"எதுக்குடி மறுபடி சுடணும்? நான் வச்ச பதத்துக்கு என்ன கேடு?"

"உங்களுக்கு எல்லாமே மஞ்சளாத் தெரியுது அண்ணி. போன வருஷம் அவரு புதுசா வெள்ளைச் சட்டை போட்டுட்டு வந்தாரு. இந்த மஞ்சள் உனக்கு எடுக்கலைடான்னீங்க. சிரிச்சுட்டு வந்தவரு வீட்டுல உட்கார்ந்து அழுதாரு."

அவள் போன பிறகு அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள். பளபளவென்று தேய்த்த அலகு ஒன்றைச் சூடான இரும்புத் தகட்டின்மேல் வைத்துப் பார்த்தாள். எஃகு சூடேற ஏற நிறம் மாறும். முதலில் வெளிறிய மஞ்சள், பிறகு வைக்கோல், பிறகு தேன், அதையும் தாண்டினால் ஊதா. வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். சின்னக் கத்தியின் உயிர் அந்தக் கணத்தில்தான் இருக்கிறது. அலகைத் தகட்டில் வைத்துவிட்டு அவள் சரியாக உட்காரக்கூட இல்லை, அதற்குள் வைக்கோல் நிறம் தெரிந்தது. விரல் நுனியால் தொட்டாள். சுட்டது, அவ்வளவுதான். பதம் ஏறுகிற சூடு இல்லை.

கண் டாக்டர் சின்னப் பெண். "ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்திடுச்சும்மா. அது வழியா பார்த்தா எல்லாம் மஞ்சளடிச்ச மாதிரிதான் தெரியும். இத்தனை நாள் கவனிக்கலையா?" என்றாள்.

கவனித்தவன் ஒருவன் இருந்தான் என்று அக்கா அவளிடம் சொல்லவில்லை.

மருத்துவமனையிலிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே செதுக்கல் வகுப்புக்குப் போனாள். பத்துப் பேர் மடியில் மரத்துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் கட்டைவிரலில் கட்டோடு, இடது கையால் செதுக்கப் பழகிக்கொண்டிருந்தார். அக்கா வாசலில் நின்றபடியே உரக்கச் சொன்னாள்.

"கத்தி ஒடிஞ்சதுக்குக் காரணம் நான். என் கண்ணுல புரைன்னு இப்பத்தான் ஆஸ்பத்திரியில சொன்னாங்க. என் தம்பி இல்லை. அவன் எழுதின கடுதாசியைத் திருப்பிக் குடுங்க. எல்லாரும் என்னை மன்னிக்கணும்."

வாத்தியார் பதறிப்போனார். "ஐயோ, உட்காருங்கம்மா. யார் செஞ்சா என்ன, இப்படி ஆகறதுதானே?" கடிதத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. சட்டையோடு சலவைக்குப் போயிருக்கும் என்றார். அவள் தனியாகவும் மன்னிப்புக் கேட்டதும் கண்டக்டர், "எனக்கு ஒரு வருத்தமும் இல்லைம்மா, ரெண்டு கையாலயும் செதுக்கக் கத்துக்கிட்டேன்" என்றார். யாரோ சிரித்தார்கள். முத்திரையின் மானத்துக்காக வந்து நிற்கிறாள் என்பது அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இருந்தாலும் சொல்லிவிட்டோம் என்ற நிமிர்வோடு தம்பி வீட்டு மாடிப்படி ஏறினாள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ மரச்சாமான் கம்பெனிக்கு உளிப்பிடி இழைத்துக்கொண்டிருந்தான். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"வாத்தியார் வகுப்புக்குப் போய் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்டா. தப்பு என்னோடதுன்னு."

"தெரியும். போன் பண்ணினாரு."

"அப்புறம் என்ன? நாளைக்கு வா. பதத்தை நீ பாரு. நான் அடிச்சுத் தர்றேன்."

தம்பி பிடியை ஊதித் தூசி தட்டினான்.

"டாக்டர் சொன்னதும் முதல்ல எங்க போனே அக்கா?"

"சொன்னேனே, வகுப்புக்கு."

"ஆஸ்பத்திரியில இருந்து அங்க போற வழியிலதான் இந்த வீடு இருக்கு. தாண்டித்தான் போயிருக்கே."

அக்கா ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள்.

"முதல்ல இங்க வந்திருந்தா, செருப்பை மாட்டிக்கிட்டு அன்னைக்கே உன் பின்னாடி வந்திருப்பேன். உனக்கு முத்திரைதான் முன்னாடி வந்துச்சு. அப்பவும் சரி, இப்பவும் சரி."

"அது நம்ம அப்பா பேருடா. உனக்கும் சேர்த்துத்தானே?"

"எனக்கும் சேர்த்துத்தான்னு ரெண்டு வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன்." அவன் மறுபடி இழைப்புளியை எடுத்தான். "பார்த்து இறங்கு. கடைசிப் படி கொஞ்சம் உயரம்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பாதி வழியில்தான் உறைத்தது. மன்னிக்கணும் என்று வாத்தியாரிடம் சொன்னாள், முன்பின் தெரியாத பத்துப் பேரிடம் சொன்னாள், கண்டக்டரிடம் தனியாகவும் சொன்னாள். மேலே இருக்கிறவனிடம் சொல்லவில்லை. திரும்பி ஏற ஆறு படிதான். மேலே இழைப்புளியின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கதவும் திறந்துதான் இருந்தது.

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, முதுகை நிமிர்த்தி, கீழே இறங்கினாள்.