ஆளுக்கு ஒரு டம்ளர்

காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த மகளின் மூக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது. டார்ச்சை வாயில் கவ்வியிருந்ததால் திட்டக்கூட வழியில்லை. தலையைத் திருப்பி, சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மேலே பார்த்தாள்.

என்ஜின் முழுக்க வெள்ளையாக இருந்தது. காலையில் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, துணியால் துடைத்து, அப்பாவின் முதுகுக்குப் போடும் பவுடரை ஒரு டப்பா முழுவதும் தூவி, பதினைந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தியிருந்தாள். எண்ணெய் எங்கிருந்து கிளம்புகிறதோ அங்கே வெள்ளையில் கறுப்பாக ஒரு கோடு இறங்கும். கோட்டின் உச்சியைப் பிடித்துவிட்டால் ஒழுகலைப் பிடித்த மாதிரி. இதுதான் அவள் போட்ட கணக்கு. ஆனால் கோடு ஒன்று இல்லை, நான்கு. மேல்மூடியின் ஓரத்தில் ஒன்று, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, எண்ணெய்த் தொட்டியின் விளிம்பில் ஒன்று.

"என்ன குழாயம்மா, கிடைச்சுதா?" ஜன்னலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. மூன்று வார்த்தைக்கு மூன்று முறை மூச்சு வாங்கியது.

"தேடிட்டு இருக்கேம்ப்பா."

"தேடு தேடு. நான் எங்கயும் போயிடல."

குடிநீர் வாரியத்தில் தெருத்தெருவாகப் போய்க் குழாய்க் கசிவைக் கண்டுபிடிப்பது மகளின் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். அப்பாவோ மருத்துவமனையில் முப்பத்தைந்து வருடம் எக்ஸ்ரே எடுத்தவர். மனுஷனுக்குள்ளே இருப்பதையே பார்க்கிறவனுக்கு வண்டிக்குள்ளே இருப்பது தெரியாதா என்பது அவருடைய வாதம். வண்டி ஒழுகுகிறது என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். "ஒழுகல, வேர்க்குது. வயசான வண்டி. உழைக்கிற உடம்பு வேர்க்கத்தான் செய்யும்" என்பார். வேர்வைக்கு யாராவது கீழே தட்டு வைப்பார்களா என்று அம்மா கேட்பாள். அந்த வீட்டில் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பதினைந்து வருடமாக ஏட்டிக்குப் போட்டி ஓயவே இல்லை.

நேற்று டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இன்று இல்லையென்றால் நாளை என்று வாசலில் வைத்து மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு மாதம் முன்பே தன் நெஞ்சுப் படத்தைத் தானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சரிதான்" என்று உறைக்குள் போட்டுக்கொண்டவர் அவர். அவருக்கு இருந்த கவலை வேறு. போன வாரம் கஞ்சி ஊட்டிக்கொண்டே அம்மா சொன்னாள், "நீங்க கண்ணை மூடின மறுநாளே அந்த எண்ணெய்ச் சட்டியை எடைக்குப் போட்டுடுவேன், ஆமா."

"ஒழுகல் நின்னுட்டா?"

"நின்னா வச்சுக்கறேன். அது எங்க நிக்கப்போகுது!"

அம்மா போன பிறகு அப்பா மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார். "எப்படியாவது நிறுத்திடு. எனக்காக இல்ல. நானும் இல்லாம வண்டியும் இல்லாம போனா, இவ காலையில எழுந்து யாரைத் திட்டுவா? பேச்சு மறந்துடும் இவளுக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கையை விடவில்லை. மகளுக்கு அப்போது அழுகை வந்தது, அழவும் செய்தாள். மறுநாளே மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, பின்பக்க சீல் போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும், இரண்டு வாரம் ஆகும் என்றார். இரண்டு வாரத்துக்கு அவள் எங்கே போவாள்? அதனால்தான் அவளே படுத்துவிட்டாள்.

நான்கு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தன் வேலை ஞாபகம் வந்தது. தெருவில் ஒரு குழாய் ஒழுகினால் கோளாறு குழாயில். தெரு முழுக்க எல்லா மூட்டிலும் ஒழுகினால் குழாயை நோண்டிப் பிரயோஜனமில்லை, எங்கேயோ யாரோ அளவுக்கு மேல் தண்ணீரைத் திறந்து விட்டிருக்கிறார்கள். இது அங்கே புதிதாகச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும். அப்படியானால் இங்கே யார் திறந்து விட்டது?

அந்த நேரம் பார்த்து இரண்டு கால்கள் வந்தன. தேய்ந்த நீலச் செருப்பு, வலது கால் கட்டைவிரலில் பழைய நகச்சுத்தித் தழும்பு. அம்மாவின் கால்கள். அவை காரின் முன்னால் வந்து நின்றன. தலைக்கு மேலே ஆயில் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. பிறகு குளுகுளுவென்று எதையோ ஊற்றும் சத்தம். அவசரமே இல்லாமல், செடிக்குத் தண்ணீர் விடுகிற நிதானத்தில் அது இறங்கியது.

"அம்மா?"

டம்ளர் தரையில் விழுந்து உருண்டு மகளின் காதோரம் வந்து நின்றது. பழைய எவர்சில்வர் டம்ளர். உள்ளே எண்ணெய் பளபளத்தது.

"அடிப்பாவி, நீ மருந்துக் கடைக்குப் போயிருக்கேன்னுல்ல நெனச்சேன்!"

மகள் முதுகாலேயே நகர்ந்து வெளியே வந்தாள். அம்மா கையும் களவுமாகப் பிடிபட்டு நின்றாள். முகம் சிவந்திருந்தது. அறுபத்தெட்டு வயதில் அம்மா வெட்கப்பட்டு அவள் பார்த்ததே இல்லை.

"என்னம்மா இது?"

"மெதுவாப் பேசு. புதன்கிழமைல்ல இன்னிக்கு."

"புதன்கிழமைன்னா?"

அம்மா ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உனக்கு ஞாபகம் இருக்கா, அந்த வருஷம் ஆயில் தீர்ந்து வண்டி பாதி வழியில நின்னு, உங்கப்பா கொட்டுற மழையில ஏழு மைல் நடந்து வந்தாரே? பத்து நாள் காய்ச்சல். அன்னிக்கு முடிவு பண்ணேன். இந்த மனுஷனுக்கு ஊத்தணும்னு ஞாபகம் இருக்காது, நம்மளே ஊத்திடுவோம்னு. புதன்கிழமை ஆனா அவருக்கு ஆஸ்பத்திரியில ராத்திரி வரைக்கும் வேலை. வீட்டோட இருக்க ஆரம்பிச்ச பிறகு புதன்கிழமை முடிவெட்டற கடையில போய் உக்காந்துடுவாரு. வாரத்துக்கு ஒரு டம்ளர். அவ்வளவுதான்."

"பதினஞ்சு வருஷமாவா?"

"ஆமா. அப்பாகிட்ட மூச்சு விடாத."

மகள் காரின் மேல் சாய்ந்துகொண்டாள். ஏனென்றால் சனிக்கிழமை சனிக்கிழமை அப்பாவும் ஒரு டம்ளர் ஊற்றுவார். அவர் படுத்த பிறகு இரண்டு மாதமாக அவர் சொல்லி அவளே ஊற்றி வருகிறாள். அளவு பார்க்கும் குச்சியை அவர் தொட்டதே கிடையாது. அதான் தட்டுல விழுந்தது தெரியுதே, குச்சியில வேற என்னத்தப் பார்க்கறது என்பார். சொல்கிறவர் அப்பா என்பதால் குழாய் நிபுணியும் பார்க்கவில்லை. இப்போது குச்சியை உருவினாள். எண்ணெய் மேல்கோட்டுக்கு மேலே மூன்று விரல்கடை ஏறியிருந்தது.

ஜன்னல் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்து இருவரும் ஓடினார்கள். இருமல் இல்லை. அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின, கண்ணோரம் ஈரமாகி இருந்தது. சிரிக்கப் போதுமான காற்று அவரிடம் இல்லை, ஆனாலும் நிறுத்துவதாக இல்லை.

"பதினஞ்சு வருஷம்..." என்றார். "திருடி."

"சிரிக்காதீங்க, மூச்சு வாங்குது பாருங்க," என்றாள் அம்மா. அவளுக்கும் உதடு நிற்கவில்லை. "நீங்க ஊத்துவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? மழையில நனைஞ்ச கோழி மாதிரி வந்து நின்னீங்க. அன்னிக்கு என் உயிரே போயிடுச்சு."

"அந்த மழையிலதான் நானும் முடிவு பண்ணேன். இனிமே மறக்கக் கூடாதுன்னு."

அம்மா போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தாள், சரியாக இருந்ததையே திரும்பவும் சரிசெய்தாள்.

"அப்போ வேர்வை இல்லையா, குழாயம்மா?"

"வேர்வையும் இல்ல, ஒழுகலும் இல்லப்பா. வாந்தி. ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டு ஊட்டினா அது என்ன செய்யும்? கிடைச்ச இடத்துலயெல்லாம் வெளிய தள்ளியிருக்கு."

அப்பா மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார். "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு" என்று முடிப்பதற்குள் நான்கு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார். ஆனால் பழமொழியைப் பாதியில் விடவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது சின்ன வேலைதான். மகள் தொட்டியின் அடித்திருகைத் தளர்த்தி அதிகப்படி எண்ணெயை ஒரு பழைய வாளியில் இறக்கினாள். இரண்டு லிட்டருக்குக் குறையாது. குச்சியில் இரண்டு கோட்டுக்கும் நடுவே அளவு வந்து நின்றதும் திருகை இறுக்கினாள். என்ஜின் மூச்சு விடுகிற ரப்பர் குழாய் ஒன்று உண்டு, அது எண்ணெய்க் கசடில் அடைத்துப்போயிருந்தது. அதையும் கழற்றி, கம்பி விட்டுக் குடைந்து, கழுவி மாட்டினாள். விஷயத்தை ஜன்னல் வழியே சொன்னபோது, "மூச்சுக்குழாய் அடைப்பா? பரவாயில்லையே, எனக்கு இருக்கறதுதான் அதுக்கும். ஒரே குடும்பம்," என்று பதில் வந்தது.

மறுபடியும் கழுவித் துடைத்தாள். பவுடர் தீர்ந்துபோயிருந்தது. அம்மா உள்ளே போய்த் தன் முகப் பவுடரைக் கொண்டுவந்து கொடுத்தாள், பூப்போட்ட டப்பா. "கொஞ்சமாப் போடு," என்றாள். பிறகு தானே வாங்கி மூலை முடுக்கெல்லாம் தூவினாள்.

நான்கு மணிக்கு வண்டியைக் கிளப்பினார்கள். அரை மணி நேரம் ஓடியது. ஜன்னலுக்குள் அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நிறுத்திய பிறகு மகள் டார்ச்சுடன் அடியில் நுழைந்தாள். பின்பக்கம் பார்த்தாள், முன்பக்கம் பார்த்தாள், விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தாள். விரலில் பவுடர் மட்டும் ஒட்டியது. இத்தனை வருடத்தில் எத்தனையோ தெருக்களில் கசிவை நிறுத்தியிருக்கிறாள். ஒரு நாளும் சாலையில் படுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்ததில்லை. இன்று சிரித்தாள்.

எழுந்து வந்து பார்க்க அப்பாவால் முடியாது. அதனால் செல்போனில் படம் எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் அதை வாங்கி, பழக்க தோஷத்தில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார்.

"படம் சுத்தமா இருக்கு," என்றார். "வீட்டுக்கு அனுப்பலாம்."

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "வாக்கு கொடுத்திருக்கே. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு, இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க," என்று அம்மா தொடங்கினாள். கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "வச்சுக்கறேன்னா அப்படியே வச்சுக்குவேன்னு நெனைக்காதீங்க. அந்தப் பின்சீட்டுக் கிழிசலைத் தைக்கச் சொல்லி எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? எக்ஸ்ரே உறையை எடுத்து ஒட்டி வச்சிருக்கீங்க. யாராவது செய்வாங்களா? கேட்டா நாளைக்கு, நாளைக்கு. அந்த இடது பக்கக் கண்ணாடி இறங்கினா ஏறாது, ஏறினா இறங்காது. அதுக்கும் நாளைக்கு..."

அப்பாவின் முகத்தில் கேட்டுக்கொண்டிருக்கிற பாவனை இருந்தது. அம்மா ஹாரனுக்கு வந்தாள், ஹாரனிலிருந்து கதவுப் பிடிக்கு வந்தாள். பதில் வரவில்லை என்பதை அவள் கவனிக்க இன்னும் இரண்டு வாக்கியம் ஆனது. கவனித்த பிறகும், தொடங்கிய வாக்கியத்தைச் சன்னமான குரலில் முடித்தாள். மகள் கட்டிலின் கால்மாட்டில் எண்ணெய்க் கையோடு நின்றிருந்தாள்.

மறுநாள் காலை அமரர் ஊர்தி வந்தது. உறவினர்கள் குளிர்சாதன வசதியுள்ள பெரிய கார்களைக் கொண்டுவந்திருந்தார்கள். அம்மா எதிலும் ஏறவில்லை. "நான் நம்ம வண்டியிலயே வரேன்," என்று சொல்லி முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்கள் முன்னதாகவே மயானத்துக்குப் போய்விட, ஊர்தியின் பின்னால் இந்த வண்டி ஒன்றுதான் போயிற்று.

கடைத்தெருவைத் தாண்டும்போது அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. திடீரென்று முன்னால் குனிந்து, கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தாள்.

"ஏ, அந்த வண்டிக்கு அடியில பாரு."

மகள் பார்த்தாள். ஊர்தியின் அடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்று. கறுப்பு எண்ணெய்.

"அதானே," என்றாள் அம்மா. "அவர் ஏறின வண்டியாச்சே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு. மகளுக்கும் அடக்க முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினாள். பக்கத்தில் வந்த ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் வேகத்தைக் கூட்டிப் போனார். இந்தச் சந்தடியில் சிக்னல் விழுந்துவிட்டது. ஊர்தி கடந்து போய்விட்டது, இவர்கள் சிவப்பு விளக்கில் நின்றார்கள். பச்சை விழுந்தபோது முன்னால் ஊர்தியைக் காணவில்லை.

"வழி தெரியுமா உனக்கு?"

"தெரியாதும்மா. பின்னாடியே போயிடலாம்னு இருந்தேன்."

அம்மா இடப்பக்கக் கண்ணாடியைக் கீழே தள்ளினாள். அது முரண்டு பிடித்துவிட்டு இறங்கியது. தலையை வெளியே நீட்டி, வெயிலுக்குக் கையைக் குடையாகப் பிடித்து, சாலையைப் பார்த்தாள்.

"நேராப் போ," என்றாள். "மெதுவா... இங்க ஒண்ணு இருக்கு... அதோ ஒண்ணு... இப்ப இடது பக்கம்."

மகள் இடப்பக்கம் திரும்பினாள்.