ஒன்றியம் ஏறினால் பிரஷர் இறங்கும்

எங்கள் ஒன்றியச் செயலாளர் கண்ணுசாமியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஒன்றியம்’ என்பார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் அவரும் கட்சி மாறிவிடுவார். ஆடுதுறைப் பக்கத்தில் பல பேருக்கு ஆட்சி மாறிய செய்தியே அவருடைய வேட்டிக் கரையைப் பார்த்துத்தான் தெரியும்.

அவருடைய டர்போ டீசல் கார் ஒரு புதன்கிழமை காலை என் பட்டறைக்கு வந்தது. வந்தது என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் தஞ்சாவூரில் எனக்கு விசாரணை. பல வருஷம் ஷார்ஜாவில் அடுத்தவன் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து சம்பாதித்ததில் மூணு மா நஞ்சை, சுமார் ஒரு ஏக்கர், வாங்கியிருந்தேன். நாலுவழிச் சாலைக்காக அளக்க வந்தவர்கள் அதன் நட்டநடுவில் மஞ்சள் கல்லை நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்திலேயே புறம்போக்கு தரிசாகக் கிடக்கிறது, சாலையை அந்தப் பக்கம் தள்ளிப் போடுங்கள் என்று ஆட்சேபணை எழுதிக் கொடுத்திருந்தேன். நேரில் வந்து சொல்லச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். கட்சிக்காரர் யாரும் கூட வராவிட்டால் ஆபீசில் எவனும் காது கொடுக்கமாட்டான் என்று ஊரே சொன்னது. நானும் நம்பினேன். தானே வந்து பேசுவதாக ஒன்றியம் வாக்குக் கொடுத்திருந்தார். ஆக, என் மூணு மா அவர் வாயில் இருந்தது. அவரைச் சுமக்கவேண்டிய காரோ என் பட்டறையில் செத்துக் கிடந்தது.

“அறுபதத் தாண்டி ஒரு அழுத்து அழுத்துனா திக்குது பாய். லைட்டு எரியுது. அப்பறம் நகரவே மாட்டேங்குது,” என்றார் டிரைவர் வீரையன்.

ஏற்கெனவே ஒருவர் ஃபில்டரை மாற்றியிருந்தார். இன்னொருவர் சென்சாரை மாற்றியிருந்தார். மூன்றாவது மேதை டர்போவே போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டார். ஒன்றியத்துக்கோ இதெல்லாம் தேவையே இல்லை.

“எதிர்க்கட்சிக்காரன் வேலதான் பாய். டேங்குல சக்கரையக் கொட்டியிருப்பான்.”

எந்தக் கட்சி இப்போது எதிர்க்கட்சி என்று கேட்க வாய்வரை வந்தது. மூணு மாவை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் டீசலும் கூட வேண்டும். அந்த நேரத்தில் டீசல் வரத்து குறைந்தால் பிரஷர் விழும்; வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் படுத்துவிடும். தலைப்பில் எவனாவது வாய்க்காலை அடைத்தால் கடைமடை காய்கிற கதைதான். அடைத்தவனைக் கண்டுபிடிப்பதுதான் இரண்டு இடத்திலும் பாடு.

ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பி வரும் டீசலை நாலு பாட்டிலில் பிடித்தேன். நாலும் ஒரே மட்டம்; இன்ஜெக்டரிலும் குறை இல்லை. சர்க்கரையும் இல்லை. ஸ்கேனரைச் செருகி, வீரையனை ஓட்டச் சொல்லி நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். கும்பகோணம் சாலையில் கார் பறந்தது. எஞ்சின் கேட்ட பிரஷரும் கிடைத்த பிரஷரும் கடைசிவரை பிரியவே இல்லை.

“வண்டியில ஒரு கோளாறும் இல்லண்ணே,” என்றேன் திரும்பி வந்து.

“அப்ப நானா கோளாறு?” என்று பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார் ஒன்றியம். இரண்டு பக்கமும் தொண்டர்கள் இரண்டு பேர் ஏறி நெருக்கிக்கொண்டார்கள்.

அவர் கேட்டது கோபத்தில். பதில் ஸ்கேனரில் வந்தது. வீரையன் அழுத்தினார், பிரஷர் தடதடவென்று சரிந்தது. ஒன்றியத்தை இறங்கச் சொன்னேன். பிரஷர் ஏறியது. மறுபடி அவர் ஏறினார். பிரஷர் இறங்கியது. இப்படி ஒரு நேர்மையான கருவியை நான் பார்த்ததே இல்லை.

பின்சீட்டைத் தூக்கினேன். மெத்தைக்கு அடியில் கால் வைத்த பூவரசம்பலகை ஒன்று இருந்தது. அதைப் பொருத்திய தச்சர் டேங்க் மேலிருந்த தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பலகையின் ஒரு காலை டீசல் குழாய் மேலேயே ஊன்றியிருந்தார். கனமான ஆள் உட்கார்ந்தால் குழாய் நசுங்கும். மெதுவாகப் போகிறவரைக்கும் வருகிற டீசல் போதும். வேகம் கேட்டால் போதாது.

“இது எதுக்குண்ணே?”

ஒன்றியம் குரலைத் தாழ்த்தினார். “உள்ள உக்காந்தா தல வெளியில தெரியலங்கறாங்க பாய். ஜனங்க யாரப் பாத்துக் கும்புடுவாங்க?”

“முன்னாடி உக்காருங்களேன்.”

“முன்சீட்டுல உதவியாளர்தான் உக்காருவாங்க.”

பலகையைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். புதுக் குழாய் போட்டுத் தகட்டை மூடினேன். மூன்று பேரையும் பின்னால் ஏற்றி ஓட்டிக் காட்டினேன். கார் குதிரையாய்ப் பறந்தது. என் நிலம் பாதி மீண்டுவிட்டது என்றே எனக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை காலை கார் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, ஒன்றியத்தின் தலை ஜன்னலின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. குனிந்து பின்சீட்டைப் பார்த்தேன்.

“இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பாய். மாவட்டத்துல புதுப் பொறுப்பு குடுத்திருக்காங்க. கும்பகோணம், பாபநாசம், அய்யம்பேட்டை, மூணு எடத்துலயும் நம்ம பசங்க சால்வையோட நிக்கிறாங்க.”

“தகட்ட மூடியிருந்தேனே?”

“பலக உக்காரல. தச்சரு கழட்டிட்டாரு.”

என்னை முன்சீட்டில் உட்காரச் சொன்னார்கள். உதவியாளராகப் பதவி உயர்வு பெற்றுப் புறப்பட்டேன்.

கும்பகோணத்தில் வெடி, சால்வை, கோஷம். சால்வை போட்டவர்களில் ஒருவர் அன்பு மிகுதியில் பின்னால் தொற்றிக்கொண்டார். அதன் பிறகு வண்டி நடந்தது. தஞ்சாவூர் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாமா என்று நினைத்தேன். இந்த மனிதர் இல்லாமல் போய் யாரிடம் என்ன பேசுவது? பாபநாசத்தில் இன்னும் ஒருவர் ஏறினார். அடுத்த பஸ்ஸும் போனது. ஊரைத் தாண்டி ஒரு பாலத்து மேட்டில் ஏறும்போது கார் இரண்டு தரம் விக்கி நின்றே போய்விட்டது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. “எல்லாரும் எறங்குங்கய்யா!” என்று கத்தினேன். சீட்டைத் தூக்கிப் பலகையைப் பிடுங்கி ஆற்றில் எறிய ஓங்கினேன். தொண்டர் ஒருவர் பாய்ந்து வந்து, சாமி சிலையை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டார்.

“அய்யம்பேட்டைல நிக்கிறது உங்க ஆளுங்க பாய்,” என்றார் ஒன்றியம் கெஞ்சலாக. “அவங்க முன்னாடி நான் தாழ்ந்து போனா உங்களுக்குத்தான அசிங்கம்?”

பலகை மறுபடி ஏறியது. அய்யம்பேட்டையில் பிறை போட்ட பச்சைச் சால்வையோடு வரவேற்பு அமோகமாக நடந்தது. நான் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

தஞ்சாவூர் ஆபீசில் விசாரணை முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எழுத்தர் அம்மா ஒருவர் சாப்பாட்டுப் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தார். பேரைச் சொன்னேன்.

“ஜெக்கரியாவா? திரும்பத் திரும்பக் கூப்பிட்டமேங்க. வரலன்னு முடிச்சாச்சு.”

“எங்க ஒன்றியத்தக் கூட்டிக்கிட்டு வர நேரமாயிடுச்சும்மா. அவருதான் எனக்காகப் பேசறதா…”

“அவரு எதுக்குங்க? நெலம் உங்களுதுதான? இன்னிக்கு வந்தவங்க எல்லாம் தனியாத்தான் வந்தாங்க. ஒவ்வொருத்தர் சொன்னதையும் அய்யா கேட்டு எழுதிக்கிட்டாரு. புறம்போக்கு பக்கத்துல ரெண்டு பேருக்குக் கல்ல மாத்தி நடவே சொல்லிட்டாரு. நீங்களும் வந்து ரெண்டு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே.”

எனக்கு வாய்விட்டு அழவேண்டும் போலிருந்தது. ஷார்ஜா வெயில் முழுவதும் ஒரே நிமிஷத்தில் தலையில் இறங்கியது.

அப்போதுதான் ஒன்றியம் கை நிறையச் சால்வைகளோடு உள்ளே வந்தார். அந்த அம்மாவுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டார். “எங்க பாயோட விஷயமா வந்திருக்கேன்,” என்றார்.

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இவரு யாருங்க?”

“வண்டிக்காரருங்க,” என்றேன்.