மலைக்கு அந்தப் பக்கத்துப் பழம்

கைப்பேசியை நீட்டியபடி தம்பி வந்து நின்றபோது, பெட்டியக்கா ஒரு மாதுளையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். தோலில் மெல்லிய தழும்பு ஒன்று, கிளை உரசியது. கப்பலில் ஏற்றலாமா, உள்ளூர்ச் சந்தைக்குத் தள்ளிவிடலாமா என்று அவளுக்கு முடிவாகவில்லை. பேக்கிங் ஷெட்டின் நீண்ட மேசையில் பெண்கள் வரிசையாக நின்று பழங்களைத் துடைத்து, நுரை வலைக்குள் நுழைத்து, அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"முதல்ல இதைப் பாருக்கா. பழத்தை அப்புறம் கொஞ்சலாம்."

கைப்பேசியில் ஓடிய படத்தில் கடல் தாண்டிய ஏதோ ஓர் ஊரின் கடை. இத்தனை வருடமாகக் குரலை மட்டும் கேட்டுப் பழகிய கொள்முதல்காரர் இதோ முகமும் தொப்பையுமாக நிற்கிறார். அவர் பக்கத்தில் அவர்களுடைய பெட்டி. ஒரு பழத்தை எடுத்துப் பிளந்தார். கருஞ்சிவப்பு முத்துகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, என்னவோ சொல்லிச் சிரித்தார்.

"நீங்க இதுவரைக்கும் அனுப்பினதுலயே இதுதான் உச்சம்ங்கறார். இனிமே இதே மாதிரிதான் வேணுமாம். இப்ப அனுப்புறதுபோல ரெண்டு மடங்கு எடுத்துக்கறாராம்."

மேசையைச் சுற்றி நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். "அப்ப இன்னைக்கு எல்லாருக்கும் அக்கா செலவுல டீ" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். பெட்டியக்காவும் சிரித்தாள். வயிற்றுக்குள் பெருமை குளிர்ச்சியாக இறங்கியது. இன்னொரு முறை போடச் சொன்னாள். அதன்பிறகும் ஒரு முறை. அப்போதுதான் அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

பெட்டி அவளுடையது. மூடியின் ஓரத்தில் பசை கொஞ்சம் தூக்கிக்கொண்டிருப்பது வரைக்கும் அவளுடையது. பழம் அவளுடையதில்லை. இந்தப் பக்கத்து மாதுளைக்குள் முத்து ஈறு நிறத்தில் இருக்கும். எவ்வளவு பழுத்தாலும் அதைத் தாண்டிச் சிவக்காது. இந்த மண்ணில் அவ்வளவுதான். படத்தில் இருப்பதோ வெட்டினால் கத்தியும் கறுத்துப்போகிற சிவப்பு.

"இது நம்ம பழம் இல்லையே" என்றாள்.

தம்பி சுற்றுமுற்றும் பார்த்தான். "கொஞ்சம் உள்ளே வாயேன்" என்று குளிர்அறைக் கதவைத் திறந்தான்.

உள்ளே பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அவன் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னான். போன முறை பருவம் தப்பிய மழையில் பூவெல்லாம் கொட்டிப்போயிருந்தது. கன்டெய்னரில் பாதிகூட நிரம்பவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு புரோக்கர், தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பழம் என்று சொல்லி லாரியோடு கொண்டுவந்து இறக்கினான். நன்றாகவும் இருந்தது. இவனும் அதைத் தங்கள் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டான்.

"பாதி கன்டெய்னரை அனுப்பச் சொல்றியா? கப்பல் நமக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா? நீ பொண்ணோட பிரசவத்துக்குப் போயிருந்த. பேரன் பொறந்த சந்தோஷத்துல இருந்தவகிட்ட போய் இதை எப்படிச் சொல்றது?"

"வந்தப்புறம் சொல்லியிருக்கலாம்."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்படியே தள்ளிப்போயிடுச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நான் கெட்ட பழமாக்கா அனுப்பினேன்?" என்று கேட்டான்.

 அவளுக்கு அவனைத் திட்ட வேண்டும் போல இருந்தது. எதற்காகத் திட்டுவது என்று தேடினால் ஒன்றும் சரியாக அகப்படவில்லை. அழுகிய பழத்தை அனுப்பியிருந்தால் வாய் நிறையத் திட்டியிருப்பாள். அவளுடைய பழத்தைவிட நல்ல பழத்தை அவளுடைய பெயரில் அனுப்பியவனை என்ன சொல்லித் திட்டுவது? அதைவிட மோசம், அந்தப் படத்தைப் பார்த்ததும் வயிற்றில் இறங்கிய குளிர்ச்சி இன்னும் அங்கேயே இருந்தது. பழம் தன்னுடையதில்லை என்று தெரிந்த பிறகும் அது வெளியே போக மாட்டேனென்றது.

ஒரு காலத்தில் இங்கே எல்லோரும் மாதுளையைச் சாக்கில் கட்டித்தான் அனுப்பினார்கள். பாதி வழியிலேயே நசுங்கி, ஈ மொய்த்து, வந்த விலைக்குப் போகும். வைக்கோலும் பழைய அட்டைப்பெட்டியும் வைத்து முதன்முதலில் அடுக்கி அனுப்பியவள் அவள்தான். "பழத்துக்குத் தொட்டில் கட்டுறா பாரு" என்று கேலி செய்தவர்கள் பிறகு அவள் வாசலில் வரிசையில் நின்றார்கள். பெட்டியக்கா என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பிறந்தபோது வைத்த பெயர் வங்கியில் மட்டும் இருந்தது. கேலி செய்யாமல் முதல் விளைச்சலை நம்பிக் கொடுத்தவர் ஓடைக்காட்டு அண்ணன் ஒருவர்தான். அவருடைய தோட்டத்தை ஒட்டி ஓர் ஓடை ஓடும். மழை பெய்தால் தோட்டத்துக்குள்ளேயே ஓடும். பெட்டி மேல் என்ன எழுதுவது என்று அச்சகத்துக்காரர் கேட்டபோது, அந்தத் தோட்டத்தை நினைத்துக்கொண்டுதான், "எங்கள் தோட்டத்திலிருந்து" என்று அவள் சொன்னாள். தனக்கென்று ஒரு மரம்கூட இல்லாதவள் 'எங்கள்' என்று சொன்னதில் அன்றைக்கு அவளுக்குக் கூச்சம் தோன்றவில்லை.

மத்தியானம் ஓடைக்காட்டு அண்ணனே வந்துவிட்டார். டீக்கடைவரை செய்தி போயிருந்தது. மண் ஒட்டிய செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"நம்ம பழத்தை அங்கே ஒருத்தர் ஆஹா ஓஹோன்னு புகழ்றாராமே. எங்கே, காட்டும்மா பாப்போம்."

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி நுரை வலைகளை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டான். மறைப்பதற்கு ஒரு பொய்யும் உடனே தோன்றாததால் கைப்பேசியை அவரிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கையை முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பழம் பிளந்தது. முத்துகள் உதிர்ந்தன. அவர் உதடுகள் லேசாகப் பிரிந்து, மறுபடி மூடிக்கொண்டன. படம் முடிந்த பிறகும் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன்ல பாக்கும்போது கலர் கொஞ்சம் மாறித்தான் தெரியும் போல" என்றார்.

"ஆமாண்ணே" என்றாள் அவள். வேறென்ன சொல்வது?

"மேட்டுல சும்மா கிடந்த நிலத்தையும் திருத்திட்டேன் தாயி. கன்னு வெச்சாச்சு. நீதானே சொன்ன, இனிமே எவ்வளவு விளைஞ்சாலும் போகும்னு." கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். டீ வருகிறது என்று சொன்னதும் அவர் காதில் விழவில்லை, அல்லது விழாததுபோல நடந்தார்.

அவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? தன் கையால் வளர்த்த பழத்தின் நிறம் தெரியாதவரா அவர்? தெரிந்தும் அவளுக்காகச் சொன்னாரா, தன்னைத்தானே தேற்றிக்கொள்ளச் சொன்னாரா? கொள்முதல்காரர் கருஞ்சிவப்பைத் தவிர வேறு வேண்டாமென்றுவிட்டால் அந்த மேட்டுநிலத்துக் கன்றுகள் என்னவாகும்? கேட்டதைக் கொடுக்காமல் இருந்தால் ஷெட் என்னவாகும், மேசையைச் சுற்றி நிற்கிற இத்தனை பெண்கள் என்னவாவார்கள்? ஒரு கேள்வியைப் பிடித்து முடிச்சுப் போடுவதற்குள் இன்னொன்று அவிழ்ந்துகொண்டது.

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் ஷெட்டின் சின்ன வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறினாள். எதற்குப் போகிறாள் என்று அவளுக்கே தெளிவில்லை. முதல் வளைவில், "இனிமே உங்க பழம் எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்ல நினைத்தாள். அடுத்த வளைவில், "இருக்கிறது மொத்தத்தையும் எங்களுக்கே குடுங்க" என்று மாற்றிக்கொண்டாள். உச்சியில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்தபோது, பேசாமல் திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது. இறக்கத்தில் வண்டி தானாகவே ஓடியது.

தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ஆண்பிள்ளைச் சட்டை அணிந்த ஒரு பெண் கத்தரியால் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துகொண்டிருந்தாள். பெட்டியக்காவைவிட இளையவள். தோட்டம் அவளுடையதுதான் என்றாள். வீட்டுக்காரர் கட்டட வேலைக்கு வெளியூர் போயிருக்கிறார். மாமியார் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். பழம் வாங்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, கேட்காமலேயே ஒன்றைப் பறித்துக் கத்தரியாலேயே கீறிப் பிளந்து நீட்டினாள்.

பெட்டியக்கா முத்துகளை வாயில் போட்டுக்கொண்டாள். இனிப்பு முதலில் வந்தது, கடைசியில் துளி துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு இன்னொரு வாய் கேட்டது. நன்றாக இல்லை என்று சொல்வதற்கு நாக்கு ஒத்துழைத்திருந்தால் எல்லாம் எளிதாக முடிந்திருக்கும். அவள் மொத்தப் பழத்தையும் தின்றுவிட்டு, விரலையும் துடைக்காமல் நின்றாள்.

"இதெல்லாம் எங்கே போகுது?"

"புரோக்கர் வந்து ஏத்திக்கிட்டுப் போயிடுவார். ஜூஸ் கம்பெனிக்குன்னு சொன்னார். பிழிஞ்சு பாட்டில்ல ஊத்திடுவாங்களாம்." அந்தப் பெண் சிரித்தாள். "எப்படியும் நசுங்கப் போகுது, நீ எதுக்கு இவ்ளோ பாத்துப் பாத்துப் பறிக்கிறேன்னு என் மாமியார் திட்டுவாங்க."

பெட்டியக்கா தான் யாரென்று இன்னும் சொல்லியிருக்கவில்லை. இப்போதே வண்டியில் ஏறிப் போயிருக்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் கை கைப்பேசியை எடுத்துவிட்டிருந்தது. எடுத்த பிறகு காட்டாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பெண் கத்தரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பார்த்தாள். தொப்பைக்காரர் கண்ணை மூடிச் சிரிக்கும் இடம் வந்ததும் திரையை விரலால் தொட்டாள். படம் அப்படியே நின்றுவிட்டது.

"இது என் பழம்" என்றாள்.

"எப்படிச் சொல்றீங்க? இந்தப் பக்கம் எல்லாத் தோட்டத்துலயும் சிவப்பாத்தானே இருக்கும்."

"உங்க பிள்ளை கூட்டத்துல நின்னா உங்களுக்குத் தெரியாதா?" இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பெட்டி மேல ஏதோ எழுதியிருக்கே, சின்னதா இருக்கு, என்ன அது?" என்று கேட்டாள்.

 பெட்டியக்காவின் வாயிலிருந்த இனிப்பெல்லாம் எங்கே போயிற்றோ. "எங்கள் தோட்டத்திலிருந்து" என்று படித்தாள். படித்த பிறகு, பெட்டி தன்னுடையது என்றும், தம்பி செய்தது தனக்குத் தெரியாது என்றும், நேற்றுதான் தெரிந்தது என்றும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவளுக்கே சாக்குப்போக்காகக் கேட்டது.

கோபத்தைத்தான் எதிர்பார்த்தாள். கோபம் வந்திருந்தால் பதிலுக்குக் கோபப்படவோ மன்னிப்புக் கேட்கவோ அவளுக்கு வழி இருந்திருக்கும். அந்தப் பெண் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப பிழியலையா" என்றாள். "முழுசாவே போய்ச் சேர்ந்திருக்கு." கண்ணில் நீர் நின்றது. முகம் சிரித்துக்கொண்டிருந்தது. எதற்கு எது என்று பெட்டியக்காவால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"நான் உங்ககூட வரலாமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "எப்படி அடுக்குறீங்கன்னு பாக்கணும்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. சரி என்று சொல்லவும் பயமாக இருந்தது. "வண்டியில ஏறுங்க" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் வீட்டுக்குள் ஓடி மாமியாரிடம் ஏதோ சொல்லிவிட்டு, ஒரு துணிப்பை நிறையப் பழத்தோடு வந்து ஏறினாள். மலை முழுக்க இருவரும் அதிகம் பேசவில்லை. ஒரு வளைவில், "இந்தப் பக்கம் நான் வந்ததே இல்ல" என்றாள் அவள். பெட்டியக்கா, "நானும் இன்னைக்கு வரைக்கும் அந்தப் பக்கம் போனதில்ல" என்றாள்.

ஷெட்டுக்குத் திரும்பியபோது ஓடைக்காட்டு அண்ணனின் டிராக்டர் வாசலில் நின்றது. கூடைகளை அவரே இறக்கிக்கொண்டிருந்தார். தம்பி உள்ளேயிருந்து காதில் கைப்பேசியோடு வந்தவன், வண்டியிலிருந்து இறங்கிய புதியவளையும் அவள் கையிலிருந்த பையையும் பார்த்து அப்படியே நின்றான். பேசும் பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு, "அவர்தான் லைன்ல இருக்கார். சிவப்புதானா, எவ்வளவுன்னு இப்பவே சொல்லணுமாம். என்ன சொல்லட்டும்?" என்றான்.

"இருக்கச் சொல்லு."

"எவ்வளவு நேரம்?"

பெட்டியக்கா மேசைப் பக்கம் திரும்பினாள். அந்தப் பெண் அதற்குள் மேசைக்குப் போயிருந்தாள். ஓடைக்காட்டுக் கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, பக்கத்தில் நிற்பவளைப் பார்த்துப் பார்த்து நுரை வலைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள். வலை சுருண்டுகொண்டது. மறுபடி எடுத்து, குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோல மெதுவாக இழுத்துவிட்டாள்.

"யாரும்மா இது, புதுசா வேலைக்கு வந்திருக்காங்களா?" என்று கேட்டார் ஓடைக்காட்டு அண்ணன்.

பெட்டியக்கா வாயைத் திறந்தாள். வேலைக்கு வந்தவள் என்று சொல்லலாம். விருந்தாளி என்று சொல்லலாம். உள்ளதைச் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அதோடு இன்னும் பத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

அவள் சொல்வதற்குள் அந்தப் பெண்ணே திரும்பி, துணிப்பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். "எங்க தோட்டத்துப் பழம்ங்கண்ணே. சாப்பிட்டுப் பாத்து சொல்லுங்க."

அவர் பழத்தை வாங்கி எடை பார்ப்பதுபோலக் கையில் ஏந்தினார். பெட்டியக்காவை ஒரு முறை பார்த்தார். கட்டைவிரல்களை அழுத்தி இரண்டாகப் பிளந்தார். மேசையைச் சுற்றி யாருடைய கையும் அசையவில்லை. அவர் ஒரு வாய் போட்டுக்கொண்டு, வாசலுக்கு வெளியே எங்கோ பார்த்தபடி மெல்ல மென்றார். சாறு அவர் மணிக்கட்டில் இறங்கி, முழங்கையை நோக்கி, படத்தில் கண்ட அதே கருஞ்சிவப்பாக ஓடியது. அவர் அதைத் துடைக்கவில்லை.