பெண்கள் வார்டு மிஸ்ஸி

"தண்ணி..." என்று இராஜம்மா முனகினாள். சின்னையா கூஜாவை எடுப்பதற்குள் வெள்ளை உடுப்புக்காரப் பெண் ஓடி வந்து, தலையைத் தாங்கிப் பிடித்துக் கரண்டியால் ஊட்டினாள்.

அவள் சந்திரகலா. இருவரும் பெற்ற மகள்தான். ஆனால் இன்றைக்கு இந்த ஆஸ்பத்திரியின் நர்சு, வெறும் மிஸ்ஸி.

காரணம், கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த சீதாலெட்சுமி. இராஜம்மாவுக்கு முடியவில்லை என்ற தகவல் கேட்டதும் கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்துவிட்டார். அவர் மகன் வாசுவுக்குத்தான் சந்திரகலாவைப் பேசியிருந்தது. பெண்ணை இன்னும் பார்க்கவில்லை. ஈப்போவில் டீச்சருக்குப் படிக்கிறாள் என்று சின்னையா அளந்துவிட்டிருந்தார். கண்டவர் உடம்பைத் தொட்டுத் துடைக்கிறவள் என்றால் எவன் கட்டுவான்?

நர்சுக்குப் படிக்க வைத்தது இராஜம்மா. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வீடுகளுக்குப் பின்னால் மாடு கட்டி, வீடுவீடாகப் பால் ஊற்றி, மகளின் சாப்பாடு, காலுக்குச் சப்பாத்து, உடுப்பு எல்லாம் பார்த்தாள். சின்னையா தடுக்கவில்லை. வெளியில் மூச்சு விடாதே என்றார், அவ்வளவுதான்.

"கலா..." இராஜம்மாவின் கை காற்றில் துழாவியது.

"பொண்ணத் தேடுறாங்க. தந்தி அடிச்சீங்களா, சம்பந்தி?"

"அடிச்சாச்சு. வந்துகிட்டிருக்கா."

சந்திரகலா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் கையப் புடிச்சுக்கங்க அக்கா, பயப்படாதீங்க" என்றாள், தாயிடம்.

அக்கா! இராஜம்மா மகளைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். புரிந்துகொண்டவள் போல உதட்டை இறுக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை.

சாயங்காலம் மூச்சு நின்றது. சந்திரகலா தாயின் கண்களை மூடிவிட்டு, முகத்தைத் துடைத்து, தலைமுடியை வாரிவிட்டாள்.

சீதாலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"பெத்த புள்ளகூட இப்படிப் பாக்காது. எங்க வாசு தலைபாடா அடிச்சுக்கிட்டான், 'நர்சுப் பொண்ணா பாரும்மா, வயசான காலத்துல உனக்கு ஆகும்லா'ன்னு. நாந்தான், டீச்சர் பொண்ணு வந்திருக்குடான்னு அவன் வாயை அடைச்சேன்."

சின்னையா மகளை நிமிர்ந்து பார்த்தார்.

தாயின் மூக்குத்தியையும் வளையலையும் வெள்ளைத் துணியில் முடிந்துகொண்டு வந்து நின்றாள் சந்திரகலா. வார்டைக் கவனிக்கும் பெரிய மிஸ்ஸி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொந்தக்காரங்க யாரு?" என்று சந்திரகலா கேட்டாள்.

"நாந்தான்" என்றார் சின்னையா.

முடிச்சை அவர் உள்ளங்கையில் வைத்தாள். கடைசிக் கட்டிலில் யாரோ, "மிஸ்ஸி... மிஸ்ஸி..." என்று கூப்பிட, உடுப்பை நீவிவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள்.