கையெழுத்தைத் திரும்பக் கேட்டவர்

மனநல ஆலோசகர் உரிமம் லேசில் கிடைக்கிற சமாசாரம் இல்லை. இரண்டாயிரம் மணி நேரம் இன்னொருவர் மேற்பார்வையில் உட்கார்ந்து ஊர்க்கவலை கேட்க வேண்டும். பரீட்சை தேற வேண்டும். கடைசியாக, வருபவரின் சம்மதத்தோடு ஒரு முழு அமர்வை ஒலிப்பதிவு செய்து உரிமக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். மணிக்கணக்கை முடித்தேன். பரீட்சையை மூன்றாம் முறை எழுதித் தேறினேன். வெள்ளிக்கிழமைக்குள் பதிவு போய்ச் சேராவிட்டால் அந்தத் தேர்ச்சியும் காலாவதி. ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு தடவை எழுத எனக்குத் தெம்பில்லை.

உரிமம் வரும்வரை என் அறைக் கதவில் ‘பயிற்சி ஆலோசகர்’ என்றுதான் இருக்கும். முதல் நாளே அதை வருபவரிடம் நானே சொல்லியாக வேண்டும். ஓர் அம்மாள், “அப்ப நான் சொல்றதுல பாதிதான் கேப்பீங்களா?” என்றார். என் கணவரோ, “உன் காதுல எல் போர்டு மாட்டியிருக்கும்மா” என்பார். சிரித்துத் தொலைப்பேன்.

பதினோரு பேரிடம் சம்மதம் கேட்டேன். பத்துப் பேர் கையை விரித்தார்கள். பதினோராமவரைப் பேருந்து ஓட்டுநர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான தொழிலைச் சொல்லக் கூடாது. ஒரு சைக்கிளோடு நேர்ந்த விபத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டாலே அவருக்குக் கை நடுங்கியது. நீண்ட விடுப்பில் இருந்தார். “உங்களுக்கு உதவும்னா போட்டுக்கங்க மேடம்” என்று கையெழுத்துப் போட்டார். அன்று நிறைய அழுதார். வாயாடியான நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பதிவைக் கேட்டபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

வியாழக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்.

“மேடம், அதை அனுப்பிட்டீங்களா?”

“மத்தியானம் அனுப்பணும்.”

“வேண்டாம் மேடம், அழிச்சிடுங்க. மூணு நாளாத் தூக்கமே இல்ல. எப்படியாவது டிப்போவுக்குத் தெரிஞ்சா என் லைசென்ஸ் போயிடும்.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. குழுவில் மூன்று பேர் கேட்பார்கள், பெயர் இருக்காது, கேட்டதும் அழித்துவிடுவார்கள். எல்லாம் உண்மை. இரண்டு நிமிடம் பேசினால் சரியென்பார், மறுக்கத் தெரியாத மனிதர். அதனால்தான் முதலில் கையெழுத்தே போட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், யாரும் வற்புறுத்தக் கூடாது என்று அந்தத் தாளிலேயே இருந்தது. படித்துக் காட்டியவளும் நான்தான்.

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி, அவர் கண்ணெதிரே அழித்தேன். மனசே இல்லாமல்தான், பொய் சொல்ல மாட்டேன்.

“இப்ப உங்க லைசென்ஸ் என்னாகும் மேடம்?”

“அது என் பாடு. நீங்க உட்காருங்க. அடுத்தவங்க வர இன்னும் நேரமிருக்கு.”

உட்கார்ந்தார். ஒரு தம்ளர் தண்ணீரையும் குடித்து முடித்தார்.

“அன்னைக்கு மெஷின் ஓடிட்டிருந்துச்சா... தப்பு அந்த சைக்கிள்காரர் மேலன்னு சொன்னேன்ல. அது பொய் மேடம்.”

எந்த அமர்வை நினைத்து நான் பூரித்துப் போனேனோ, அதில் அவர் நடந்ததைச் சொல்லவே இல்லை. மேசைமேல் இருந்த என் மெஷினுக்குப் பயந்துகொண்டு அழுதிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு அவர் சொன்னதெல்லாம் எங்கள் இருவருக்குள்.

சாயங்காலம் கணவர், “அனுப்பிட்டியா?” என்றார்.

“இல்ல. அழிச்சிட்டேன்.”

“ஏன்?”

“சொல்லக் கூடாது.”

“எனக்குமா?”

“உங்களுக்கும்தான்.”

அவர் கேலி எதுவும் செய்யவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து பரீட்சைப் புத்தகக் கட்டை இறக்கித் தூசி தட்டினார்.

“எழுத்து பொடிப்பொடியா இருக்கும்மா. நாளைக்குப் போய் முதல்ல உன் கண்ணாடியை மாத்திடலாம்.”

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.